சால்வேஜ்: கூலியா, மீட்பா, பங்காரா?

கேள்வியை முதலில் பிரித்து வைத்துக்கொள்கிறேன். கிங்ஸ் சர்க்கிளில் தேங்கிய மழைநீரில் உங்கள் கார் டேஷ்போர்டு வரை மூழ்கியது. இன்சூரன்ஸ் கம்பெனி அதை ‘டோட்டல் லாஸ்’, அதாவது முழு இழப்பு என்று ஒப்புக்கொண்டது. ஆனால் வந்த கடிதத்தில், 6,00,000 ரூபாய் ஐடிவியிலிருந்து (பாலிசியில் குறித்திருக்கும் காரின் மதிப்பு) 1,80,000 ரூபாயை ‘சால்வேஜ்’ என்று போட்டுக் கழித்திருக்கிறார்கள். அகராதியில் பார்த்தால் ‘மீட்பு’ என்றிருக்கிறது. காரை நீங்களே கிரேன் வைத்து இழுத்தீர்கள், வேறு யாரும் வந்து மீட்கவில்லை. பிறகு எதற்கு இந்தக் கழிவு, இந்தச் சொல் சர்ச்சில் சொல்லும் ‘சால்வேஷ’னிலிருந்து வந்ததா, காட்டுமிராண்டியைக் குறிக்கும் ‘சாவேஜ்’ என்பதிலிருந்து வந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்லைப் பற்றிய கேள்வி போல இருந்தாலும், உங்களுக்குத் தெரிய வேண்டியது அந்த 1,80,000 யார் கையில் போய்ச் சேருகிறது என்பதுதான். சொல் வந்த வழி தெரிந்தால் பணம் போகிற வழியும் தெரிந்துவிடும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

இந்தச் சொல் பிறந்தபோது அது மீட்கும் வேலைக்கும் பெயரில்லை, மிஞ்சிய பொருளுக்கும் பெயரில்லை. கடலில் ஆபத்திலிருந்த கப்பலையோ சரக்கையோ காப்பாற்றிக் கொடுத்தவருக்குச் சேர வேண்டிய கூலியின் பெயர் அது. அந்த வேலைக்கும், மீட்டெடுத்த பொருளுக்கும், கடைசியாக சேதத்துக்குப் பின் மிஞ்சியதற்கும் அதன் விலைக்கும் பெயரானது பின்னால் நடந்தது. நான்கு பொருளும் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. கப்பல்காரர் சொல்வது ஒன்று, தீயணைப்புக்காரர் சொல்வது ஒன்று, வண்டிச் சேதத்தை மதிப்பிடும் மோட்டார் சர்வேயர் சொல்வது வேறொன்று. உங்கள் கடிதத்தில் இருப்பது நான்காவது பொருள்.

வேர் எது என்பதில் சந்தேகம் இல்லை. லத்தீனில் ‘சால்வுஸ்’ என்றால் பத்திரமான, ஊனமில்லாத என்று பொருள். அதிலிருந்து ‘சால்வாரே’, காப்பாற்றுதல். அது பழைய பிரெஞ்சில் ‘சால்வெர்’ ஆகி, அங்கே ஒட்டுச் சேர்ந்து, 1640களில் ஆங்கில எழுத்துகளில் தலைகாட்டுகிறது. கப்பலை உடைவிலிருந்தோ எதிரியின் பிடியிலிருந்தோ மீட்டதற்குத் தரும் தொகை என்பதே அங்கே அதன் பொருள். ‘சேவ்’, ‘சேஃப்’, ‘சால்வேஷன்’ எல்லாம் அதே லத்தீன் குடும்பம். ஆக, சால்வேஷன் இதற்குத் தாய் இல்லை, அக்கா தங்கை முறை. ஆண்டுகளைப் பொறுத்தவரை மட்டும் சற்று எச்சரிக்கை வேண்டும். அகராதிகள் தருவது அச்சிலோ கையெழுத்திலோ கிடைத்த முதல் சான்றின் ஆண்டு. துறைமுகத்தில் வாய்ச்சொல்லாக அதற்கு முன்பே புழங்கியிருக்கும், எவ்வளவு முன்பு என்பதற்கு எழுத்துச் சாட்சி கிடையாது.

கூலிதான் முதல் பொருள் என்பதைச் சொல்லின் வாலே காட்டிக்கொடுக்கிறது. நவா ஷேவாவிலோ மும்பைத் துறைமுகத்திலோ கிளியரிங் ஏஜெண்ட் தரும் பில்லை ஒருமுறை பாருங்கள். வார்ஃபேஜ் என்றால் துறைமேடைக் கட்டணம், பைலட்டேஜ் என்றால் கப்பலுக்கு வழிகாட்டியவருக்கான கட்டணம், டோவேஜ் இழுவைக்கு, கார்ட்டேஜ் வண்டிக்கு, டெமரேஜ் தாமதத்துக்கு. தபாலுக்கு போஸ்டேஜ். ‘ஏஜ்’ என்று முடியும் இந்த வரிசையில் ஒவ்வொன்றும் ஏதோ ஒன்றுக்காகக் கைமாறும் பணம். சால்வேஜும் இந்த வரிசையில் பிறந்த சொல்தான். பில்லில் மற்றவை இன்னும் பணமாகவே நிற்க, இது மட்டும் பொருளாகவும் மாறிப்போனது.

‘சாவேஜ்’ வேறு வேரிலிருந்து வந்தது. லத்தீனில் ‘சில்வா’ என்றால் காடு, ‘சில்வாட்டிகுஸ்’ காட்டைச் சேர்ந்தது, அது பிரெஞ்சில் ‘சோவாஜ்’ ஆகி ஆங்கிலத்துக்கு வந்தது. குழப்பம் வருவதற்கும் நியாயமான காரணம் உண்டு. பழைய ஆங்கிலத்தில் அந்தக் காட்டுச் சொல்லையே சால்வேஜ் என்றும் எழுதினார்கள். 1623இல் அச்சான ஷேக்ஸ்பியர் தொகுப்பில், ‘டெம்பெஸ்ட்’ நாடகப் பாத்திரப் பட்டியலில் காலிபன் என்பவனை இந்த எழுத்துக்கூட்டலிலேயே வர்ணித்திருக்கிறார்கள். அங்கே மீட்புக்கு வேலையே இல்லை. இன்னும் விபரீதமான ஒன்று பிலிப்பைன்ஸில் இருக்கிறது. அந்நாட்டு ஆங்கிலச் செய்தித்தாளில் ஒருவர் ‘சால்வேஜ் செய்யப்பட்டார்’ என்று வந்தால், விசாரணையின்றிக் கொல்லப்பட்டார் என்று பொருள். ஸ்பானிய மொழியில் காட்டுமிராண்டியைக் குறிக்கும் சொல் தகாலோக் மொழி வழியாக ஆங்கில வேடத்துக்குள் புகுந்துகொண்டது என்பதே பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். மணிலாவில் இருக்கும் உறவினரிடம் உங்கள் கார் சால்வேஜ் ஆனதைச் சொல்லும்போது கவனம்.

மும்பையில் ஒலியால் குழம்பும் இன்னொரு சொல்லும் உண்டு. ஜவுளிக்காரர்கள் ‘செல்வேஜ்’ என்பார்கள். நூல் பிரியாதபடி தறியிலேயே முடிந்து வரும் துணி ஓரம் அது. தன் விளிம்பு, அதாவது ‘செல்ஃப்’, ‘எட்ஜ்’ இரண்டும் சேர்ந்து வந்த சொல், லத்தீனோடு தொடர்பில்லை. மங்கள்தாஸ் மார்க்கெட்டில் தீப்பிடித்த ஒரு கடையின் சர்வே ரிப்போர்ட்டில் இரண்டு சொல்லும் ஒரே பக்கத்தில் வரலாம். அங்கே எழுத்துப்பிழை ஏற்பட்டால் பணம் இடம் மாறும்.

சொல் புதிது, வழக்கம் பழையது. கி.பி. 600க்கும் 800க்கும் இடையில் பைசாண்டியத்தில் தொகுக்கப்பட்டு ‘ரோடியக் கடல் சட்டம்’ என்று பெயர்பெற்ற தொகுப்பில் கணக்கே இருக்கிறது. எட்டுப் பாகம் (பாகம் என்பது இரு கையும் விரித்த நீளம்) ஆழத்திலிருந்து பொன் வெள்ளி எடுத்துக் கொடுத்தால் எடுத்தவருக்கு மூன்றில் ஒரு பங்கு. பதினைந்து பாகம் என்றால் பாதி. ஒரு முழ ஆழத்தில் கிடந்ததைத் தூக்கினால் பத்தில் ஒன்றுதான். ஆபத்து ஏற ஏறக் கூலி ஏறும் என்ற இந்த எண்ணம் இன்றைய சட்டத்திலும் அப்படியே இருக்கிறது. நம் கிழக்குக் கரையில் நிலைமை வேறாக இருந்தது. கரை ஒதுங்கிய கப்பலின் சரக்கு அந்தக் கரையை ஆள்பவனுக்கே என்று எடுத்துக்கொள்வது வழக்கம். காகதீய அரசர் கணபதிதேவர் 1244-45இல் மோட்டுப்பள்ளியில் வெட்டிய கல்வெட்டு, இனி அப்படிப் பறிக்க மாட்டோம், உரிய சுங்கம் மட்டும் போதும் என்று வணிகர்களுக்கு அபயம் தருகிறது. பொருள் கரையில் கிடந்தாலும் அதன் உடைமை மாறாது என்கிற கொள்கைதான் சால்வேஜுக்கு அடித்தளம். உடைமை மாறிவிட்டால் அதற்குப் பெயர் கொள்ளை, கூலிக்கு அங்கே இடமே இல்லை. கண்டெடுத்தவன் சொந்தமாக்கிக்கொள்ளலாம் என்று சினிமாவில் காட்டுவதையும் இதே காரணத்தால் நம்ப வேண்டாம்.

இன்றைய கடல் சட்டத்தில் சால்வேஜ் கேட்க மூன்று நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். பொருள் உண்மையான ஆபத்தில் இருக்க வேண்டும். உதவியவருக்கு அந்த வேலையைச் செய்யும் கடமை ஏற்கெனவே இருந்திருக்கக் கூடாது. ஏதாவது ஒரு பகுதியாவது பிழைத்திருக்க வேண்டும். இரண்டாவது நிபந்தனையால்தான் சொந்தக் கப்பலைக் காப்பாற்றிய மாலுமி சாதாரணமாகக் கூலி கேட்க முடியாது, அவருக்குச் சம்பளம் உண்டு. கேப்டன் உத்தரவில் கப்பலைக் கைவிட்டு வேலை ஒப்பந்தம் முடிந்த பிறகு திரும்பி ஏறினால் கதை வேறு. ஒப்பந்தத்தின்படி கப்பலை இழுக்கும் டக்போட் என்ற இழுவைப் படகுக்கும் அப்படித்தான். பேசிய வேலையைச் செய்யும் வரை இழுவைக் கட்டணம். கயிறு அறுந்து, பேசாத ஆபத்தில் பேசாத வேலை செய்தால் அது சால்வேஜாக மாறலாம். 2011 ஜூனில் குஜராத்தின் அலங் கப்பல் உடைப்புத் துறைக்கு இழுத்துச் செல்லப்பட்ட எம்.வி. விஸ்டம் தப்பி வந்து ஜூஹு கரையில் ஏறியதும், ஜூலை 31 அன்று, ஆட்கள் எப்போதோ இறங்கிவிட்ட எம்.டி. பாவித் தானாக மிதந்து வந்து அதே பக்கம் ஒதுங்கியதும் மும்பைவாசிகளுக்கு நினைவிருக்கும். வேடிக்கை பார்க்கப் போனவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். சட்டத்தின் கண்ணில், இழுவையில் இருந்த கப்பலும் ஆளில்லாமல் கைவிடப்பட்ட கப்பலும் வெவ்வேறு இடத்தில் தொடங்கும் வழக்குகள்.

மூன்றாவது நிபந்தனைக்குக் கப்பல்காரர் வாயில் ‘நோ கியூர், நோ பே’ என்று பெயர். லண்டன் இன்சூரன்ஸ் சந்தையான லாயிட்ஸின் திறந்த ஒப்பந்தப் படிவத்தின் தலைப்பிலேயே இது அச்சாகியிருக்கும். காப்பாற்றினால் பணம், இல்லாவிட்டால் டீசல் செலவும் கிடைக்காது. எண்ணெய்க் கப்பல்களுக்கு இது பொருந்தாமல் போனது. கப்பல் எப்படியும் பிழைக்காது என்று தெரிந்தால், கசியும் எண்ணெயைத் தடுக்க யாரும் கிட்டே வர மாட்டார்கள். அதனால் 1989 ஏப்ரல் 28 அன்று லண்டனில் கையெழுத்தாகி, 1996 ஜூலை 14 முதல் நடைமுறைக்கு வந்த சர்வதேச சால்வேஜ் உடன்படிக்கை, சுற்றுச்சூழலைக் காக்க உழைத்தவருக்குக் கப்பல் பிழைக்காவிட்டாலும் செலவைத் தர ஏற்பாடு செய்தது. கசிவைக் குறைத்தோ தடுத்தோ காட்டினால் செலவுக்கு மேல் 30 சதவீதம் வரையும், தனி நிலைமைகளில் 100 சதவீதம் வரையும் கூடுதல் உண்டு. கூலி எவ்வளவு என்பதைத் தீர்மானிக்க அதன் 13ஆம் பிரிவு பத்து அளவுகோல்களைத் தருகிறது. பிழைத்த பொருளின் மதிப்பு, ஆபத்தின் தன்மை, திறமை, செலவு, எவ்வளவு விரைவாக வந்தார்கள் என்பன அதில் அடக்கம். எப்படிப் பார்த்தாலும் கூலி பிழைத்த பொருளின் மதிப்பைத் தாண்டக் கூடாது. உயிரைக் காப்பாற்றியதற்குக் காப்பாற்றப்பட்டவரிடம் கூலி கேட்கவும் முடியாது. அதே விபத்தில் பொருளை மீட்டவர் பெறுகிற தொகையில் ஒரு நியாயமான பங்கைத்தான் கேட்கலாம்.

இறக்குமதி செய்பவர்களுக்கு இந்தப் பழைய பொருள் இன்றும் செலவு வைக்கும். பிழைத்த கப்பலின் மதிப்பு 40 கோடி, சரக்கின் மதிப்பு 60 கோடி, கூலி 8 கோடி என்று வைத்துக்கொள்வோம். அவரவர் மதிப்பின்படி கப்பல் 3.2 கோடியும் சரக்கு 4.8 கோடியும் தரும். உங்களுடையது 50 லட்சம் மதிப்புள்ள ஒரே கன்டெய்னர் என்றால் உங்கள் தலையில் விழுவது 4 லட்சம். கன்டெய்னருக்கு ஒரு கீறல்கூட விழாமல் இருந்தாலும் இந்த 4 லட்சத்துக்கு ஜாமீன் கொடுத்தால்தான் சரக்கை வெளியே விடுவார்கள். மரைன் பாலிசி இருந்தால் கம்பெனி ஜாமீன் கடிதம் தரும், இல்லாவிட்டால் ரொக்கம் கட்ட வேண்டும். கப்பல்காரர் தன் பங்கைத் தராமல் இழுத்தடித்தால், மீட்டவர் இந்தியாவில் 2017ஆம் ஆண்டின் அட்மிரால்டி சட்டத்தின்படி பம்பாய் உயர் நீதிமன்றத்தில் கப்பலையே தடுத்து நிறுத்த வழக்குப் போடலாம். மாலுமிகளின் சம்பளம், உயிரிழப்பு, காயம் ஆகியவற்றுக்கு அடுத்த வரிசையில் சால்வேஜ் கூலிக்குக் கப்பல்மீது கடல்சார் பிடியுரிமை இருக்கிறது. இது உங்கள் காருக்குப் பொருந்தாது. கிங்ஸ் சர்க்கிளில் எவ்வளவு தண்ணீர் நின்றாலும் அது தரைதான்.

கூலி எப்படி மிச்சமாக மாறியது என்பதற்கு வருகிறேன். கப்பல் இன்சூரன்ஸில் ‘சால்வேஜ் லாஸ்’ என்றொரு தீர்வு முறை இருக்கிறது. சரக்கு வழியில் நனைந்துவிட்டது, ஊர் போய்ச் சேருமுன் கெட்டுவிடும். நடுவழித் துறைமுகத்திலேயே விற்றுவிடுகிறார்கள். விற்று வந்த பணத்தில் செலவு போக மீதியை, இன்சூர் செய்த தொகையிலிருந்து கழித்து, வித்தியாசத்தைக் கம்பெனி தருகிறது. உங்கள் கடிதத்தில் இருக்கும் கணக்கு அச்சு அசல் இதுதான், சரக்குக்குப் பதில் கார். கடலிலிருந்து தரைக்கு வந்த இன்னொரு வழி தீ. 1842இல் லிவர்பூலிலும், 1866இல் லண்டனிலும், 1873இல் கிளாஸ்கோவிலும் இன்சூரன்ஸ் கம்பெனிகள் சொந்தச் செலவில் ‘சால்வேஜ் கோர்’ என்ற படைகளை வைத்திருந்தன. நெருப்பை அணைக்கிற வேலை தீயணைப்புப் படைக்கு. இவர்கள் தார்ப்பாய் போர்த்தி, கீழ்த்தளத்துச் சரக்கைத் தூக்கி, தண்ணீரை வெளியேற்றிப் பொருளைக் காப்பாற்றுவார்கள். கிடங்குத் தீயில் நெருப்பு தின்றதைவிடக் குழாய்த் தண்ணீர் கெடுத்தது அதிகமாக இருப்பது சாதாரணம், அதனால் கம்பெனிகளுக்கு இதில் லாபம் இருந்தது. 1984இல் இந்தப் படைகள் கலைக்கப்பட்டன. ஆபத்திலிருந்து உடைமையைக் காப்பது என்ற பொதுப் பொருளுக்கு அகராதிச் சான்று 1878, வினையாகப் பயன்பட்டதற்கு 1889. முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் ராணுவம் குண்டு உறை, பூட்ஸ், இரும்பு, காகிதம் என்று பொறுக்கிச் சேர்த்து மறுபடி பயன்படுத்தியது. 1918 வாக்கில் அந்த வேலைக்கும் பொருளுக்கும் இதே பெயர் வந்துவிட்டது. அங்கிருந்து பழைய இரும்பு வாங்கும் குர்லாவின் பங்கார்வாலா வரை நேர்வழி.

தமிழில் இதற்கெல்லாம் சேர்த்து ஒரே சொல் தேடினால் சிக்கிக்கொள்வீர்கள், உங்கள் அகராதி அதைத்தான் செய்திருக்கிறது. கடலில் ‘மீட்புக் கூலி’, பாலிசியில் ‘எஞ்சியதன் மதிப்பு’ என்று பிரித்துச் சொன்னால் குழப்பமில்லை. தெருப் பேச்சில் மும்பைத் தமிழருக்கு பங்கார், சென்னையில் காயலான் கடை. இந்தக் காயலான், பழைய இரும்பு வியாபாரம் செய்த காயல்பட்டினத்தாரைக் குறிக்கும் என்பது பரவலான விளக்கம். பொருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதைச் செவிவழிச் செய்தி என்ற அளவில் வைத்துக்கொள்வதே முறை.

இனி 1,80,000. மீட்பு, பழுது இரண்டின் செலவும் சேர்ந்து ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் மோட்டார் பாலிசி அதை முழு இழப்பாகக் கருதுகிறது. உங்களுக்கு அந்தக் கோடு 4,50,000 ரூபாய். முழு இழப்பில் பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்கக் கூடாது. கழிக்கக்கூடியது கட்டாயக் கழிவு, அதாவது நீங்களே ஏற்க வேண்டிய தொகை மட்டும். 1500 சிசி வரை 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000. நீங்களாக விரும்பி எடுத்த கூடுதல் கழிவு இருந்தால் அதுவும் சேரும். ஆக உங்களுக்கு வர வேண்டியது 5,99,000. இது வருவதற்கு இரண்டு வழி. கம்பெனி முழுத் தொகையையும் கொடுத்து, காரை அதுவே எடுத்துக்கொள்வது ஒன்று. கார் உங்களிடமே இருக்க, அதன் இப்போதைய விலையைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவது இன்னொன்று, இதுதான் ‘நெட் ஆஃப் சால்வேஜ்’. கம்பெனி 4,19,000 தரும். காரை வாங்குபவர் உங்களுக்கு 1,80,000 தருவார். அந்தப் பணம் கம்பெனிக்குப் போகவில்லை, உங்கள் காருக்குள் இருக்கிறது. வங்கிக் கடன் பாக்கி இருந்தால் கம்பெனி தரும் தொகை முதலில் வங்கிக்குப் போகும், அதையும் கணக்கில் வையுங்கள்.

சிக்கல் வருவது வாங்குபவரிடத்தில். சர்வேயரோ கம்பெனியோ காரின் படங்களை ஏல இணையதளத்தில் போட்டு விலை கேட்கிறார்கள், அதிகபட்சக் கேள்வியே சால்வேஜ் மதிப்பாகிறது. அந்த விலைக்குக் கெடு உண்டு. உங்கள் கோப்பு மேசைக்கு மேசை நகர்ந்து முடிவதற்குள் கெடு தீர்ந்துவிடும். பிறகு அதே ஆளைக் கூப்பிட்டால், உள்ளே பூஞ்சை பிடித்துவிட்டது, கனெக்டர்கள் பச்சை படிந்துவிட்டன, 1,40,000 தான் என்பார். அவர் சொல்வதும் பொய்யில்லை. நனைந்த கார் நாளுக்கு நாள் கெடும். உப்பு கலந்த தண்ணீர் என்றால் இன்னும் வேகமாக. 40,000 ரூபாய் துண்டு உங்கள் தலையில் விழும். ஆகவே ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன் எழுத்தில் கேளுங்கள். விலை கேட்டவர் யார், எந்தத் தேதி வரை அந்த விலை நிற்கும், அவர் பின்வாங்கினால் கம்பெனி மறு ஏலம் விட்டுப் புதிய விலையைக் கழிக்குமா? ‘வண்டியை நீங்களே எடுத்துக்கொண்டு முழுத் தொகை கொடுங்கள்’ என்றும் எழுதலாம். பல கம்பெனிகள் முதலில் மறுக்கும். தேர்வு யாருக்கு என்று பாலிசி வாசகமும் அப்போதைய விதிகளும் சொல்வதைப் பொறுத்தது அது. உங்கள் பாலிசியைப் பார்க்காமல் அதில் நான் உறுதி சொல்ல முடியாது.

அடுத்தது ஆர்சி, அதாவது வண்டியின் பதிவுச் சான்றிதழ். ஏலத்தில் ஆர்சியோடு ஒரு விலை, ஆர்சி இல்லாமல் ஒரு விலை என்று இரண்டு வரும். முன்னது அதிகம். வாங்குபவர் காரைச் சரிசெய்து ஓட்டவோ விற்கவோ போகிறார் என்று அர்த்தம். பின்னது உதிரிபாகத்துக்கும் இரும்புக்கும். கழித்தது எந்த விலை என்று பாருங்கள். ஆர்சியோடு கேட்ட விலையைக் கழித்துவிட்டு, ஆர்சியை ரத்து செய்யச் சொன்னால் அது தப்புக் கணக்கு. ஆர்சியோடு விற்றால், உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டையும் வாங்குபவரின் பெயர் முகவரி நிரப்பிய பிறகே கையெழுத்திடுங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கிப் போவது இந்த வியாபாரத்தில் சர்வ சாதாரணம், அதற்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள். கடன் இருந்தது என்றால் அதை நீக்கப் படிவம் 35 வேண்டும், கார் வேறு மாநிலம் போகிறது என்றால் தடையில்லாச் சான்றுக்குப் படிவம் 28. மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிப்பது உங்கள் பொறுப்பு. நவீன்குமார் எதிர் விஜய்குமார் வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்னது நினைவிருக்கட்டும்: பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், கார் நாலு கை மாறியிருந்தாலும் விபத்து இழப்பீட்டுக்கு அவர்தான் பொறுப்பு. உதிரிபாகத்துக்கு விற்றால், வாகனம் நிரந்தரமாகப் பயன்படாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 55ஆம் பிரிவின்படி 14 நாளுக்குள் தெரிவித்து ஆர்சியை ரத்து செய்யுங்கள். ஃபாஸ்டேகை முடக்க மறந்துவிட்டு அடுத்தவர் டோலைக் கட்டிக்கொண்டிருப்பவர்களும் உண்டு.

நீங்கள் கேட்காவிட்டாலும் ஒன்று சொல்ல வேண்டும், அடுத்த மழைக்கு உதவும். தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்யாதீர்கள். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது இன்ஜினைச் சுழற்றினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அதைச் சர்வேயர் வெள்ளச் சேதம் என்று எழுத மாட்டார், பின்விளைவு என்று எழுதுவார். இன்ஜின் பாதுகாப்புக்குத் தனிச் சேர்க்கை எடுக்காதவர்களுக்கு அந்தச் செலவு கணக்கில் வராது. அந்தச் செலவை நீக்கினால் மொத்த மதிப்பீடு 75 சதவீதக் கோட்டுக்குக் கீழே போய், முழு இழப்பே கிடைக்காமல் போகலாம். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, தண்ணீர் நின்ற கோடு தெரியும்படி உள்ளும் புறமும் படம் எடுத்து, இழுத்துக்கொண்டு போவதுதான் சரி. நீங்கள் கொடுத்த கிரேன் கூலி சால்வேஜ் ஆகாது, சொந்தப் பொருளைத் தானே காத்துக்கொண்ட செலவு அது. வழக்கமான கார் பாலிசி வாசகத்தில் இதற்கு 1,500 ரூபாய் வரை உண்டு. கோரிக்கையில் அதைச் சேர்த்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.

எழுத்தில் கேட்ட பிறகும் பதில் இல்லை, அல்லது பதில் சமாதானமாக இல்லை என்றால், முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்குப் புகார் அனுப்புங்கள். ஒரு மாதம் கழித்தும் தீராவிட்டால், அவர்களின் முடிவு வந்த தேதியிலிருந்து ஓராண்டுக்குள், கம்பெனிகள் மீதான புகாரை விசாரிக்கும் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மனிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. புகாருடன் சர்வே ரிப்போர்ட், ஏல விலைப் பட்டியல், அந்த விலையின் கெடு தேதி, பிறகு உங்களுக்கு உண்மையில் கிடைத்த விலைக்கான ரசீது ஆகிய நான்கையும் வையுங்கள்.